என் வேகத்துக்கு ஒரு ப்ராசஸர்

செயின்ட்-லூஸ், மேய்ன்
9 பிப்ரவரி 1998

ரெனோ,

ஒரே ஒரு கேள்வி. அதற்கு மட்டும் பதில் எழுது.

என் கம்ப்யூட்டரின் ப்ராசஸர் வேகம் 133 மெகாஹெர்ட்ஸ். பேசினால் எழுதும் மென்பொருள் ஒன்று வாங்கியிருக்கிறேன். நான் ஒரு வாக்கியம் சொன்னால் அதன் முதல் சொல் திரையில் வருவதற்குள் டெனீஸ் ஒரு உருளைக்கிழங்கை உரித்து முடித்துவிடுகிறாள். (காலையில் வந்து என்னை எழுப்பி நாற்காலியில் உட்கார வைக்கும் பெண் அவள்.) பாதி சொற்களை அது விழுங்கியும் விடுகிறது. டப்பாவின் மேல் 200 வேண்டும் என்று போட்டிருக்கிறது.

ப்ராசஸரை மட்டும் மாற்ற முடியுமா? முடியுமானால் எப்படி?

போன் செய்யாதே. உன் குரல் கேட்டால் சண்டை போடுவேன். மணிக்கட்டில் கட்டிய குச்சியால் ஒவ்வொரு எழுத்தாகக் குத்தி இதை அடிக்க ஒரு காலைப்பொழுது போய்விட்டது. அவ்வளவு பாடுபட்டு எழுதியதைச் சண்டையில் வீணாக்க விருப்பமில்லை.

ஒடெட்

---

ஆஸ்டின், டெக்ஸஸ்
16 பிப்ரவரி 1998

அன்புள்ள அக்கா,

ஒரு வருடம் கழித்து உன்னிடமிருந்து ஒரு கவர். கம்ப்யூட்டர் கடையில் வேலையாக இருந்தபோது தபால்காரர் நீட்டியதும் கையிலிருந்த ஸ்க்ரூடிரைவரை அப்படியே வைத்துவிட்டேன். முதலாளி பார்த்துவிட்டு, "என்னப்பா, யாராவது செத்துட்டாங்களா?" என்றார். "இல்ல சார், எங்க அக்கா உயிரோட இருக்கா" என்றேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை.

நீ ஒரு கேள்விக்குத்தான் பதில் கேட்டாய். ஆனால் நான் எப்படி அதோடு நிறுத்துவேன்? அந்த மூஸ் மான் உன் கார்மேல் வந்து விழுந்து பதினாறு மாதம் ஆகிறது. விரல்கள் கொஞ்சமாவது அசைகின்றனவா? பாங்கரில் இருந்த அந்த டாக்டரிடம் மறுபடி போனாயா? டெனீஸ் ஒழுங்காக வருகிறாளா? அடுப்பை யார் மூட்டுகிறார்கள்? பனியை யார் வாருகிறார்கள்? இதில் ஒன்றுக்காவது பதில் போடு.

சரி, உன் கேள்வி. மாற்ற முடியும். ஆனால் மாற்றக் கூடாது என்பதுதான் என் கருத்து. உன்னுடையது மூன்று வருடப் பழைய மதர்போர்டு. அதில் புது ப்ராசஸரைப் போடுவது, துருப்பிடித்த லாரிக்குப் புது என்ஜின் வைப்பது மாதிரி. என்ஜின் ஓடும், கதவு கழன்று விழும். மெமரி பழசு, டிஸ்க் பழசு. ஒன்றை மாற்றினால் அடுத்தது முரண்டு பிடிக்கும். இங்கே தினமும் அந்தக் கூத்தைத்தான் பார்க்கிறேன். புதிதாக முழுப் பெட்டியே வாங்கிவிடுவதுதான் புத்திசாலித்தனம்.

அதனால் உன்னைக் கேட்காமல் ஒரு காரியம் செய்துவிட்டேன். நானே ஒரு கம்ப்யூட்டர் கட்டி, உன் மென்பொருளுக்கு வேண்டியதற்கு மேலேயே எல்லாம் போட்டு, முந்தாநாள் அனுப்பிவிட்டேன். நீ பிளக்கைச் சொருகினால் போதும்.

கோபப்படாதே.

உன் தம்பி,
ரெனோ

---

செயின்ட்-லூஸ்
23 பிப்ரவரி 1998

ரெனோ,

உன் பெட்டி வந்தது. பிரிக்கவில்லை. கொண்டுவந்த ஆளிடமே திருப்பிக் கொடுத்துவிட்டேன். அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும். "இந்தப் பனியில உங்க படி ஏறி வந்திருக்கேம்மா" என்றார். டெனீஸ் காபி கொடுத்துச் சமாதானம் செய்தாள்.

"உன்னைக் கேட்காமல்" என்று எழுதியிருக்கிறாய். அந்த வார்த்தைதான் நமக்குள் இருக்கும் சண்டையே. பாங்கர் மருத்துவமனையிலிருந்து என்னை வேனில் கூட்டி வந்தபோது, ஜன்னல் வழியே முதலில் தெரிந்தது என் வீட்டு வாசலில் நீ நட்டு வைத்திருந்த 'வீடு விற்பனைக்கு' பலகை.

இந்தக் கம்ப்யூட்டர் என் சம்பளத்தில் நான் வாங்கியது. குச்சிக்கு ஏற்ற மாதிரி இதன் விசைகளை ஒரு வருடமாகப் பழக்கி வைத்திருக்கிறேன். பெட்டியை மாற்றமாட்டேன். மூளையை மட்டும் மாற்றுவேன்.

மார்ச் 23 திங்கள்கிழமை ஊர்க் கூட்டம். ஆம்புலன்ஸை நிறுத்தலாமா என்று ஓட்டெடுப்பு. அந்தச் செய்தியை நான் எழுத வேண்டும். இப்போதெல்லாம் நான் போனில் சொல்லச் சொல்ல, பத்திரிகை ஆசிரியர் ஹோர்டன்ஸ் எழுதிக்கொள்கிறாள். என் பெயர் போட்டு அவள் வாக்கியம் வருகிறது. என் வாக்கியத்தில் அவள் சர்க்கரை தூவிவிடுகிறாள். "ஊராட்சித் தலைவர் மிஷோ பதில் சொல்லவில்லை" என்று நான் சொன்னால், "மிஷோ அவர்கள் புன்னகையோடு மௌனம் காத்தார்" என்று அச்சாகிறது. இந்தக் கூட்டத்துக்கு நான் சொந்தமாக எழுதவில்லை என்றால் ஏப்ரலில் என் இடத்துக்கு ப்ரெஸ்க் ஐல் ஊரிலிருந்து வேறு ஆள் வரும். இந்தக் கெடுவை வைத்தது அவள் இல்லை, நான்தான்.

எப்படி மாற்றுவது என்று மட்டும் எழுது.

ஒடெட்

---

ஆஸ்டின்
1 மார்ச் 1998

அக்கா,

பெட்டி திரும்பி வந்தது. மேலே 'ஏற்க மறுத்தார்' என்று முத்திரை. முதலாளி அதைக் கடை நடுவில் வைத்து, "உங்க அக்காவுக்கு நம்ம சரக்கு பிடிக்கலையா?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டார். காது சிவந்து போய் நின்றேன். அதை ஒரு கல்லூரிப் பையன் வாங்கிப் போய்விட்டான். சந்தோஷம்தானே உனக்கு?

இரண்டு நாள் பொருமிவிட்டு இதை எழுதுகிறேன்.

கேள். எதையும் வாங்குவதற்கு முன்னால் பெட்டியைத் திறந்து பார்க்க வேண்டும். அட்டையில் எழுதியிருப்பதை நம்பி வாங்குகிறவர்கள்தான் பாதிப் பேர் என் கடைக்கு அழுதுகொண்டு வருகிறார்கள். உன் பழைய ப்ராசஸருக்கு மூன்று வோல்ட்டுக்கு மேலே வேண்டும். புது வகைக்கு அவ்வளவு கூடாது, கொடுத்தால் பொசுங்கிவிடும். சில மதர்போர்டுகள் இரண்டு விதமாகவும் கொடுக்கும். சில ஒரே விதமாகத்தான் கொடுக்கும். உன்னுடையது எந்த ரகம் என்று அதோடு வந்த சின்னக் கையேட்டில் இருக்கும். இரண்டு விதமும் கொடுக்கும் என்றால் எந்த 200 வேண்டுமானாலும் வாங்கலாம். ஒரே விதம் என்றால், பழைய பெட்டிகளுக்கென்றே ஒரு சிப் விற்கிறார்கள். மின்சாரத்தைத் தானே குறைத்துக்கொள்ளும், தலையிலேயே ஃபேனும் இருக்கும். அதைத்தான் வாங்க வேண்டும்.

இன்னொன்று. ப்ராசஸர் எவ்வளவு வேகமாக இருந்தாலும் மெமரி குறைவாக இருந்தால் அந்த மென்பொருள் மூச்சு வாங்கும். அதையும் இரட்டிப்பாக்கு.

பெட்டியைத் திறக்கப் போவது யார்? உன்னால் ஸ்க்ரூடிரைவர் பிடிக்க முடியாது என்பதை எழுதி எழுதிக் கிழித்தேன். ஆனால் எழுதித்தானே ஆக வேண்டும். நான் வருகிறேன் என்றால் வேண்டாம் என்பாய். யார் அக்கா?

ரெனோ

---

செயின்ட்-லூஸ்
7 மார்ச் 1998

ரெனோ,

காகிதத்தைக் கிழிக்காதே. என்னால் பிடிக்க முடியாது என்பது எனக்குத் தெரியும். பிடிக்கத் தெரிந்த ஒருவரை எனக்குத் தெரியும் என்பது உனக்குத் தெரியாது.

எதிர்வீட்டு அடெலார். தூண்டிலுக்கு இறகிலும் நூலிலும் பொய்ப்பூச்சி கட்டுகிறாரே, அவர்தான். எள்ளளவு கொக்கியில் வாத்து இறகைச் சுற்றி முடிச்சுப் போடும் விரல்கள். ஆனால் மின்சாரம் என்றால் அவருக்கு நடுக்கம்.

"கரண்ட் அடிச்சுச்சுன்னா என் பொண்டாட்டிக்கு நீதான் பதில் சொல்லணும்" என்றார்.

"பிளக்கைப் பிடுங்கியாச்சு அடெலார்."

"பிடுங்கினாலும் உள்ள கொஞ்சம் மிச்சம் தங்கியிருக்குமாம். ரேடியோல சொன்னான்."

"அதுக்குத்தான் முதல்ல அந்த இரும்புச் சட்டத்தைத் தொடச் சொல்றேன்."

மாதா கோயில் வாசலில் புனித நீரைத் தொடுகிற மாதிரி தொட்டார். ஒவ்வொரு திருகைக் கழற்றும் முன்பும் ஒரு தொடல். டார்ச் லைட்டை என் மணிக்கட்டுப் பட்டையில் டெனீஸ் கட்டிவிட்டாள். நான் வெளிச்சம் காட்ட, அவர் பூதக்கண்ணாடி வைத்துப் படித்தார். உள்ளே அவ்வளவு தூசி. "இதுல ஒரு எலியே குடும்பம் நடத்தலாம்" என்றார்.

கையேட்டில் இருப்பது ஒரே விதம்தான். ஆகவே ஃபேன் வைத்த அந்தச் சிப்பையும் மெமரியையும் கேட்லாக் பார்த்து நானே போனில் ஆர்டர் போட்டுவிட்டேன். வரும் வாரக் கடைசிக்குள் வந்துவிடும்.

இப்போது நான் முடிவு செய்ய வேண்டியது ஒன்றுதான். கூட்டத்துக்கு முன்னால் மாற்றுவதா, பின்னாலா? பின்னால் என்றால் ஆபத்து இல்லை. ஏதாவது கெட்டாலும் நிதானமாகச் சரிசெய்துகொள்ளலாம். ஆனால் கூட்டம் முடிந்தபிறகு எனக்கு வேகம் எதற்கு? ஆள் இல்லாத வீட்டுக்கு அழைப்பு மணி பொருத்துவதற்கா?

முன்னால்தான். 16-ஆம் தேதி, திங்கள்கிழமை. அடெலாரிடம் சொல்லிவிட்டேன். அவர் அன்றைக்கு ஜெபமாலையோடு வருவதாகச் சொல்லியிருக்கிறார்.

ஒடெட்

பி.கு. விரல்கள் அசையவில்லை. அசையாது. டெனீஸ் ஒழுங்காக வருகிறாள். பனியை அடெலார் வாருகிறார். போதுமா?

---

ஆஸ்டின்
11 மார்ச் 1998

அக்கா,

வேண்டாம். இந்தத் தொழிலில் எனக்குத் தெரிந்த ஒரே சட்டம், முக்கியமான வேலைக்கு முந்தின வாரம் ஓடுகிற கம்ப்யூட்டரில் கை வைக்காதே என்பதுதான். போன ஏப்ரலில் ஒரு கணக்காளர், வரிக் கணக்கு கட்ட வேண்டிய வாரத்தில் வீட்டிலேயே சிப்பை மாற்றினார். எங்கள் கவுன்டரில் வந்து நின்றார். பெட்டியைத் தூக்கி வைத்துவிட்டு அதைக் கைகாட்டினார், அவ்வளவுதான்.

இதை எழுதினால் நீ இன்னும் பிடிவாதமாகச் செய்வாய் என்றும் தெரியும். ஆகவே செய்முறையையும் எழுதுகிறேன்.

முதலில் உன் கட்டுரைகளையெல்லாம் டிஸ்கெட்டுகளில் நகல் எடுத்துவை. பிறகு பெட்டியைப் படுக்க வை. பழைய சிப்பின் மேலிருக்கும் உலோகக் கட்டையை இறுக்கிப் பிடித்திருக்கும் கம்பியை மெதுவாகக் கழற்ற வேண்டும். பக்கத்தில் ஒரு சின்ன நெம்புகோல் இருக்கும். அதை நேராகத் தூக்கினால் சிப் பிடி விட்டுவிடும். புது சிப்பில் ஒரு மூலை மட்டும் மற்ற மூன்றைப் போல இருக்காது. கீழே சாக்கெட்டிலும் அப்படி ஒரு மூலை உண்டு. இரண்டும் ஒன்றாக வர வேண்டும். எக்காரணம் கொண்டும் அழுத்தக் கூடாது. சரியாக வைத்தால் தன் எடையிலேயே இறங்கும். இறங்கவில்லை என்றால் வைத்தது தப்பு. அழுத்தினால் ஊசிகள் வளைந்துவிடும், அதோடு கதை முடிந்தது. அடெலாரிடம் இதை மூன்று தடவை சொல்.

அந்தப் பலகை விஷயம். அன்றைக்கு ஆஸ்பத்திரியில் நீ கிடந்த கோலத்தைப் பார்த்துவிட்டு வந்து நட்டேன். உன்னை இங்கே கூட்டி வந்து பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதைத் தவிர வேறு எதுவும் என் தலையில் இல்லை. மறுபடி அதே நிலை வந்தாலும் அதையேதான் செய்வேன் என்று ஒரு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். உன் போன கடிதத்தைப் படித்தபிறகு அப்படிச் சொல்ல வரவில்லை. மணிக்கட்டில் டார்ச்சைக் கட்டிக்கொண்டு மதர்போர்டைப் பார்க்கிறவளை எந்த ஊருக்குக் கூட்டி வந்து நான் என்ன செய்ய?

16-ஆம் தேதி முழுக்கக் கடையில் இருப்பேன். போன் எண் உனக்குத் தெரியும். நீ கூப்பிடமாட்டாய். இருந்தாலும் இருப்பேன்.

ரெனோ

---

செயின்ட்-லூஸ்
17 மார்ச் 1998

அம்புள்ள தும்பி ரெனோவுக்கு,

பிரசவம் நன்றாக முடிந்தது. அட யார் ஒரு தவளையும் செய்யவில்லை. சித்தப்பா தன் எடையிலேயே இறங்கி உட்கார்ந்துவிட்டார். நேற்றிலிருந்து பிரசவம் நிற்காமல் ஓடிக்கொண்டிருக்கிறது மூட்டைப்பூச்சி

மேலே இருப்பதை நான் அடிக்கவில்லை ரெனோ. பேசினேன். திருத்தாமல் அப்படியே விட்டிருக்கிறேன், நீ பார்க்க வேண்டும் என்று. 'அன்புள்ள தம்பி' என்று சொன்னேன். 'ப்ராசஸர்' என்றேன். 'அடெலார் ஒரு தவறும் செய்யவில்லை' என்றேன். 'சிப்' சித்தப்பா ஆகிவிட்டது. 'முற்றுப்புள்ளி' என்ன ஆயிற்று என்று நீயே பார்த்தாய். பள்ளத்தாக்கில் இருக்கும் நம் ஊர்க்காரர்களின் உச்சரிப்பு அதற்கு இன்னும் பழகவில்லை. நேற்று மாலை முழுக்க அதற்குப் பாடம் படித்துக் காட்டினேன். ஆனால் கவனி, தப்புத் தப்பாகக் கேட்டாலும் என் வேகத்துக்குக் கேட்கிறது! வாயை மூடுவதற்குள் சொல் திரையில் வந்து நிற்கிறது. ஒரு வாக்கியத்தைத் தொடங்கி, அதன் கடைசியை யோசித்துக்கொண்டே நடுவைச் சொல்லி, கோபத்தோடு முடிக்க முடிகிறது. குச்சியால் குத்தும்போது கோபம் இரண்டாவது வரியிலேயே ஆறிப்போய்விடும். என் கடிதங்கள் ஏன் அவ்வளவு குட்டையாக இருந்தன என்று இப்போது புரிகிறதா? உன்மேல் இருந்த கோபம் பாதிதான் காரணம்.

நேற்று நடந்ததைச் சொல்கிறேன். இனிமேல் எனக்கு நீட்டிச் சொல்லலாம்.

அடெலார் குளித்து, சவரம் செய்து, ஞாயிற்றுக்கிழமைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். பழைய சிப்பின் மேலிருந்த கட்டை வரவே இல்லை. பசை காய்ந்து ஒட்டிக்கொண்டிருந்தது. "செயின்ட் ஆன் தாயே, வந்துடு, வந்துடு" என்று லேசாகத் திருகினார். சொல்லும்போதெல்லாம் என் முகத்தையே பார்த்தார், தாய் நான்தான் என்பது போல. வந்தது. நெம்புகோலைத் தூக்கி, பழையதை எடுத்து, முட்டையை வைக்கிற மாதிரி துணிமேல் வைத்தார்.

புதியதை வைத்தார். இறங்கவில்லை. அவர் விரல் கீழ்நோக்கி ஒரு மயிரிழை நகர்ந்தது. "அழுத்தாதீங்க!" என்று நான் போட்ட சத்தத்தில் சமையலறையில் டெனீஸ் கரண்டியைக் கீழே போட்டுவிட்டாள்.

"கத்தாதம்மா, நான் ஒண்ணும் பண்ணல!"

"மூலையைப் பாருங்க. எந்த மூலை வேற மாதிரி இருக்கு?"

பூதக்கண்ணாடியை வைத்து நெடுநேரம் பார்த்தார். "அட, ஆமா. நான் குதிரையைத் தலைகீழா வண்டியில பூட்டியிருக்கேன்" என்றார். திருப்பி வைத்தார். ரெனோ, அது தானாகவே இறங்கியது. நீ எழுதியிருந்தபடியே. சத்தம்கூட இல்லை.

மெமரியையும் போட்டு மின்சாரம் கொடுத்தோம். ஃபேன் சுற்றியது. திரை கறுப்பு. கீச், கீச், கீச் என்று விட்டுவிட்டுக் கத்த ஆரம்பித்தது. அடெலார் சுவரோரம் போய் நின்றுவிட்டார். உள்ளே ஏதோ சாகிறது என்று அவருக்கு எண்ணம். உண்மையைச் சொல்கிறேன், எனக்கும் அப்படித்தான் இருந்தது. நீ சொன்னது சரி, கூட்டத்துக்கு ஒரு வாரம் முன்னால் என் வாயை நானே அடைத்துக்கொண்டேன் என்று நினைத்தேன். டெனீஸ் போனை எடுத்து என் மடியில் வைத்தாள். "உங்க தம்பியைக் கூப்பிடுங்க" என்றாள்.

நான் போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு எனக்கு நானே ஒரு கேள்வி கேட்டேன், ஒரு விபத்துச் செய்திக்குப் போனால் கேட்கிற மாதிரி: கடைசியாக எதைத் தொட்டோம்? சிப்பைத் தொட்டோம். அது சரியாக உட்கார்ந்தது. என் கண்ணால் பார்த்தேன். அதன்பிறகு மெமரி. "அடெலார், அந்தப் பச்சைத் தகடுங்க ரெண்டு பக்கமும் சமமா இருக்கா?" வந்து பார்த்தார். ஒன்று சாய்ந்திருந்தது. மின்சாரத்தை அணைத்து, சட்டத்தைத் தொட்டு, எடுத்து மறுபடி போட்டார். கிளிக் என்றது.

திரை வந்தது. 200 என்று வெள்ளை எழுத்தில்.

நான் அழவில்லை. அடெலார் அழுதார். மூக்கைச் சிந்திவிட்டு, "இந்தப் பனி எனக்கு ஒத்துக்கல" என்றார். டெனீஸ் ப்ளோய் தோசை சுட்டு, மேலே வெல்லப்பாகு ஊற்றிக் கொடுத்தாள். ஒன்பது தின்றார்.

உன்னைக் கூப்பிடாததற்குக் கோபம் காரணமில்லை. கூப்பிட்டிருந்தால் நீ சரியாகச் சொல்லியிருப்பாய், அது தெரியும். ஆனால் இது எங்கள் மூன்று பேருடையதாக இருக்காது. உன்னுடையதாகிவிடும். உன் கடிதங்கள் இல்லாமல் இதைச் செய்திருக்க முடியாது என்பதையும் எழுதிவைக்கிறேன். இந்த வாக்கியத்தைப் பத்திரமாக வைத்துக்கொள். அடிக்கடி கிடைக்காது.

உன் அக்கா,
ஒடெட்

---

ஆஸ்டின்
23 மார்ச் 1998

அம்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தைக் கடையில் எல்லோருக்கும் படித்துக் காட்டினேன். முதலாளி கவுன்டரில் கை ஊன்றி, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். இங்கே இப்போது யாரும் சிப் என்று சொல்வதில்லை. "அந்த அலமாரியிலிருந்து ஒரு சித்தப்பாவை எடுப்பா" என்கிறார்கள்.

பிறகு கீச் கீச் இடம் வந்தது. படிப்பதை நிறுத்திவிட்டுத் திரும்பிக்கொண்டேன். முதலாளி என் கையிலிருந்து வாங்கித் தானே படித்து முடித்தார். "இவங்களுக்கு வேலை வேணும்னா இங்க வரச் சொல்லு" என்றார். "அவளுக்கு வேலை இருக்கு சார், அவ பத்திரிகைக்காரி" என்றேன். இதைச் சொல்லும்போது நான் எவ்வளவு நிமிர்ந்து நின்றேன் என்று நீ பார்த்திருக்க வேண்டும். அதற்குப் பிறகு வருகிற வாடிக்கையாளர் எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். ஒருவர், "விரல் வேலை செய்யாதவங்க எப்படி ப்ராசஸர் மாத்துவாங்க?" என்று கேட்டார். "உங்களுக்குப் பத்து விரலும் வேலை செய்யுது, நீங்க ஏன் என்கிட்ட வந்தீங்க?" என்றேன். நல்லவேளை, அவர் சிரித்தார்.

16-ஆம் தேதி போன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். மணி அடிக்கவில்லை. அன்று மாலை உனக்கு என்னமோ ஆகிவிட்டது என்று நினைத்தேன். நீ ஜெயித்துவிட்டாய் என்று ஏன் எனக்குத் தோன்றவே இல்லை? இத்தனைக்கும் நம் வீட்டில் மரம் ஏறுகிறவள் நீ, கீழே நின்று அழுகிறவன் நான்.

அடுத்த மாதம் இதைவிட இரண்டு மடங்கு வேகத்தில் புது சிப்புகள் வருகின்றன. தகவலுக்காகத்தான் சொல்கிறேன்! எதையும் அனுப்பமாட்டேன்.

இன்று உங்கள் ஊர்க் கூட்டம். இந்நேரம் அங்கே உட்கார்ந்திருப்பாய். எல்லாவற்றையும் எழுது. ஜூலையில் எனக்கு இரண்டு வாரம் விடுமுறை. வரலாமா? கேட்டுவிட்டு வருகிறேன், பார்த்தாயா.

ரெனோ

---

செயின்ட்-லூஸ்
28 மார்ச் 1998

ரெனோ,

வா. ஜூலையில் கொசு அதிகம், அதற்கு நான் பொறுப்பில்லை. டெனீஸுக்கு அந்த இரண்டு வாரமும் லீவு கொடுக்கப் போகிறேன். நீ எழுப்பி, நீ குளிப்பாட்டி, நீ நாற்காலியில் உட்கார வை. அடுத்தவர் உடம்பைத் தூக்குவது கம்ப்யூட்டரைத் தூக்குவது மாதிரி இல்லை என்று தெரிந்துகொள்.

புது சிப் வேண்டாம். நான் பேசுகிற வேகத்துக்கு இது போதும். நான் இன்னும் வேகமாகப் பேச ஆரம்பித்தால் அப்போது பார்த்துக்கொள்ளலாம்.

கூட்டத்தைச் சொல்கிறேன். பள்ளி விளையாட்டு அரங்கு நிரம்பி வழிந்தது. என் நாற்காலியைப் பத்திரிகைக்காரர்கள் மேஜைக்கே தள்ளச் சொன்னேன். ஊராட்சித் தலைவர் ஜெரார் மிஷோ மேடையேறி, ஆம்புலன்ஸுக்கு ஆகும் செலவைப் படித்தார். நிறுத்திவிட்டால் பக்கத்து ஊர் வண்டி வரும், கால் மணி நேரத்தில் வந்துவிடும் என்றார். அப்போது பின்வரிசையில் ஒரு கிழவர் எழுந்து, "நம்ம ஒடெட்டை நெனச்சுப் பாருங்க. பாவம், நம்ம வண்டி மட்டும் அன்னிக்கு வரலைன்னா..." என்று ஆரம்பித்தார். அரங்கு முழுக்க என் பக்கம் திரும்பியது. தலையை ஒரு பக்கம் சாய்த்து, அந்தப் பார்வை பார்த்தார்கள். விபத்துக்குப் பிறகு எனக்கு இந்த ஊரில் கிடைப்பது அந்தப் பார்வைதான்.

"நான் வேலைக்கு வந்திருக்கேன்" என்றேன் சத்தமாக. "என்னைப் பாக்காதீங்க. முன்னாடி பாருங்க, உங்க தலைவர் கணக்குச் சொல்றார்."

சிரித்துவிட்டார்கள். திரும்பிக்கொண்டார்கள். ஓட்டெடுப்பில் ஆளுக்கு ஒரு ஆரஞ்சு அட்டை. என்னுடையதை டெனீஸ் மணிக்கட்டுப் பட்டையில் சொருகினாள். தோளிலிருந்து கையைத் தூக்கினேன். எந்தப் பக்கத்துக்கு என்று உனக்குக்கூடச் சொல்லமாட்டேன். ஆம்புலன்ஸ் தப்பியது, அதுவும் மிகச் சொற்ப வித்தியாசத்தில். மே மாதம் மறுபடி கொண்டுவருவேன் என்று ஜெரார் அறிவித்தார்.

கால் மணி நேரம் என்று அவர் சொன்னது எனக்குள் உறுத்திக்கொண்டே இருந்தது. மறுநாள் டெனீஸைப் பக்கத்து ஊர் ஆம்புலன்ஸ் நிலையத்திலிருந்து நம் தேவாலயம் வரை வேனை ஓட்டச் சொன்னேன், நான் உள்ளே உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே வந்தேன். ஆற்றங்கரைச் சாலை முழுக்கப் பனி இறுகிக் கிடந்தது. அரை மணிக்கு மேல் ஆயிற்று. கிளம்பும் முன்பே நிலையத்து ஆளிடம் கேட்டிருந்தேன். அந்தக் கால் மணிக் கணக்கு கோடைக்காலத்தில் எடுத்தது என்றார். வீட்டுக்கு வந்து, ஜெராரையும் போனில் கேட்டேன். "அதெல்லாம் சின்ன விஷயம்" என்று வைத்துவிட்டார். அதையும் சேர்த்துக் கம்ப்யூட்டரிடம் பேசினேன். ஒரே மூச்சில் வந்தது கட்டுரை. திருத்துவதற்குத்தான் நேரம் பிடித்தது. ஜெரார் மிஷோவை அது ஓர் இடத்தில் 'ஜெர்ரா மீசை' ஆக்கியிருந்தது.

ஹோர்டன்ஸ் படித்தாள். சர்க்கரை டப்பாவைத் திறக்கவே இல்லை. ஒரு கமாவைக்கூடத் தொடவில்லை. முதல் பக்கத்தில், மேலேயே போட்டாள். "ப்ரெஸ்க் ஐல்காரனுக்கு வர வேண்டாம்னு நானே சொல்லிடறேன்" என்றாள், அவ்வளவுதான்.

வியாழக்கிழமை பத்திரிகை வந்தது. நேற்று, வெள்ளிக்கிழமை மதியம், என் வாசலில் ஒரு பிக்கப் வந்து சறுக்கிக்கொண்டு நின்றது. ஜெரார். கதவைத் தட்டினாரா உடைத்தாரா என்று தெரியவில்லை. பத்திரிகையைச் சுருட்டிக் கையில் தடி மாதிரி பிடித்துக்கொண்டு உள்ளே வந்தார்.

"இது என்ன எழுத்து? பனி விழுந்த அன்னிக்குப் பாத்து வண்டி ஓட்டி நேரம் எடுத்தா அரை மணி ஆகாம என்ன ஆகும்?"

"நம்ம ஊர்ல வருஷத்துல எத்தனை மாசம் பனி, ஜெரார்?"

"அது இல்ல கேள்வி! என்னைப் பொய்யன்னு எழுதியிருக்க!"

"எந்த வரியில? காட்டுங்க."

பிரித்தார். மூக்குக்கண்ணாடியை எடுத்து மாட்டினார். முழுவதையும் என் முன்னால் நின்றே படித்தார். அந்த வரி கிடைக்கவில்லை. அதனால் கோபம் இன்னும் ஏறியது. "இருபத்தஞ்சு வருஷமா இந்த ஊருக்கு உழைக்கிறேன்! நேத்து முளைச்சவனைக் கேக்குற மாதிரி என்னைக் கேள்வி கேக்குற! உனக்குத் திமிர்! உங்க அப்பனுக்கும் இதே திமிர்!"

டெனீஸ் நடுவில் வந்தாள். "மெதுவாப் பேசுங்க சார். அவங்க உடம்பு..."

"நீ சும்மா இரு டெனீஸ்" என்றேன். "அவர் பேசட்டும்."

பேசினார். கையை ஆட்டி, முகம் சிவந்து, என் பாட்டன் காலத்து வேலித் தகராறு வரை இழுத்துப் பேசினார். தலையை ஒரு பக்கம் சாய்க்கவில்லை. 'பாவம்' என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. நேராக என் கண்ணைப் பார்த்து, விபத்துக்கு முன்னால் எத்தனையோ தடவை திட்டினாரே, அதே மாதிரி, அதே குரலில், ஒரு குறையும் வைக்காமல் திட்டினார்.

நான் முதுகை எவ்வளவு நிமிர்த்த முடியுமோ அவ்வளவு நிமிர்த்தி உட்கார்ந்து கேட்டேன். என் முகத்தில் சிரிப்பு வந்துவிடக் கூடாதே என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன், ரெனோ.

கதவை அறைந்து சாத்திவிட்டுப் போனார். வண்டியைக் கிளப்பினார். பிறகு வண்டி நின்றது. மறுபடி தட்டும் சத்தம். மேஜைமேல் கையுறையை விட்டுவிட்டுப் போயிருந்தார். எடுத்துக்கொண்டு வாசலில் ஒரு நொடி நின்றார்.

"இன்னும் கோவமாத்தான் இருக்கேன்" என்றார்.

"இருங்க, ஜெரார்" என்றேன். "நல்லா இருங்க."

ஒடெட்